சுயமாக வாகனம் கழுவும் கொட்டிலுக்கு எந்த நுரைப் பிரஷ் நல்லது?

கோண்டாவில்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் பலாலி வீதிக்குக் கிட்ட எங்களுக்கு ஒரு சின்னக் காணி இருக்கிறது. வாகனம் வைத்திருப்பவர்கள் தாங்களே வந்து கழுவிக்கொண்டு போகிற மாதிரி அதில் இரண்டு கொட்டில் போடப்போகிறேன். ரோக்கன் போட்டால் மோட்டர் ஓடும். ஒரு பக்கம் பிரஷர் கன், மற்றப் பக்கம் பிடி வழியாக நுரை வரும் பிரஷ். கன்னும் பம்பும் முடிவாகிவிட்டன. பிரஷ்ஷில்தான் நிற்கிறேன்.

கொழும்பில் சாமான் தருபவர் மூன்று வகை காட்டினார்: பன்றி மயிர், நைலோன், இரண்டும் கலந்தது. பன்றி மயிர் விலை கூட. ஆனால் அதுதான் பெயின்றுக்கு மெத்து, வெளிநாட்டில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்கிறார். என்னிடம் வரப்போவது வாகன்ஆர், அக்வா, டொல்பின் வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள். விட்டால் லான்ட்மாஸ்டரும் (இருசக்கர உழவு இயந்திரம்) வரும். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணோடு வருவார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மானிப்பாய் பெயின்ற் பட்டறை:
தம்பி, பிரஷ் வாங்கும் முன் எதில் தேய்க்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். கார் பெயின்றின் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத படை சாதாரணமாக 40, 50 மைக்ரோன்தான் இருக்கும். எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திப் பிறகு 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் இருந்த வாகனத்தையே கட்டிங் பொலிஷ் போட்டுப் போட்டுப் புதிதாக்கி ஓடினார்கள். ஒவ்வொரு தடவை கட்டிங் போடும்போதும் கிளியர் கோட் கொஞ்சம் கழரும். ஆகவே இங்கே ஓடும் பல வாகனங்களில் கிளியர் கோட் ஏற்கெனவே மெல்லிசு. புதுக் கார்களை நினைத்து எழுதப்பட்ட ஆலோசனையை அப்படியே எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல் தெரியும். அதைப் பிரஷ் மயிரின் தலையில் கட்டிவிடுவார்கள். அனேகமாகக் கீறுவது மயிர் அல்ல, மயிருக்குள் சிக்கிய மணல். குவாட்ஸ் மணியைவிடக் கிளியர் கோட் எவ்வளவோ மென்மையானது. ஒரு ரக்ரரின் மட்கார்டைத் தேய்த்த பிரஷ்ஷால் அடுத்தவர் அக்வாவின் பொனட்டைத் தேய்த்தால், பன்றி மயிர் என்ன, பட்டு நூல் என்ன, கீறத்தான் செய்யும்.

வடமராட்சி சேர்விஸ்:
மானிப்பாய் அண்ணை சொன்னது சரி. நான் மயிர் பற்றியே சொல்கிறேன். பன்றி மயிரின் நுனி இயற்கையாகவே பிளந்திருக்கும். அதனால்தான் மெத்து, அதனால்தான் நுரையையும் பிடித்து வைத்திருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் அது மயிர். எங்கள் தலைமயிர் எந்தப் புரதமோ அதே புரதம். கடும் காரத்தில் கரையும். லொறிக்கு அடிக்கிற போடி வோஷ் திரவங்களில் பிஎச் 12க்கு மேலே போகிறவையும் உண்டு. அதைப் பிரஷ்ஷால் வரும்படி விட்டீர்களென்றால் மயிர் நுனியிலிருந்து பொடிந்துகொண்டு வரும். கழுவித் தொங்கவிட்டால் சோளகக் காற்றில் காய்ந்து முறியும். ஐப்பசி கார்த்திகை மழையில் காயாமலே கிடந்து மணக்கும். தண்ணீரில் ஊதி மணலையும் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் இடத்தில் ஆள் நின்று கழுவுகிறோம். வேலை செய்கிற பெடியன் பிரஷ்ஷைத் தன் பல்துலக்கி போலப் பார்த்துக்கொள்வான். உங்களுடைய இடத்தில் ஆளே இல்லை. வருகிறவர் பிரஷ்ஷை நிலத்தில் போடுவார், அதாலேயே ரயரைத் தேய்ப்பார், காலில் பட்ட சேற்றையும் தேய்ப்பார். அதைத் தாங்குகிற சாமானை எடுங்கள். என் கருத்து நைலோன்.

ஐந்துசந்தி வாசி:
அண்ணைமார், விலை, மெத்து எல்லாம் சரி. பன்றி மயிர் என்றால் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அந்தப் பிரஷ்ஷைத் தொடமாட்டார்கள். சோனகத் தெருப் பக்கம் எத்தனை வான், எத்தனை ஓட்டோ ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியும். இது தெரியாமல் பாவித்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் மனம் நோகும். பலகையில் "பன்றி மயிர்" என்று எழுதிப் போட்டாலும் தொழில் நடக்காது, எழுதாமல் விட்டால் அது நேர்மையும் இல்லை. கோண்டாவில்காரன், இதை யோசித்து எடுங்கள்.

கோண்டாவில்காரன்:
நன்றி தம்பி. இந்தப் பக்கத்தைச் சாமான் விற்றவர் சொல்லவே இல்லை. எங்கள் சைவ ஆட்களுக்கும் இதே கேள்வி வரும். புது வாகனத்தைக் கழுவிக்கொண்டு நேரே நல்லூருக்குப் பூசைக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர். பன்றி மயிரும் கலவையும் இதோடு விட்டாயிற்று.

அப்படியென்றால் செயற்கை நார்தான். ஆனால் "நைலோன்" என்று சொல்லி விற்பதெல்லாம் நைலோனா? இரண்டு மாதிரி எடுத்துப் பார்த்தேன், ஒன்று மெத்து, மற்றது விளக்குமாறு மாதிரி இருக்கிறது. எப்படிப் பார்த்து எடுப்பது?

மானிப்பாய் பெயின்ற் பட்டறை:
முதலில் நுனியைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நல்ல பிரஷ்ஷின் ஒவ்வொரு நாரும் நுனியில் இழை இழையாகப் பிளந்து பஞ்சு போலத் தெரியும். அதைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே கிழித்து விடுகிறார்கள். மலிவுப் பிரஷ்ஷில் நார் கத்தியால் வெட்டிய மாதிரி மொட்டையாக நிற்கும். அந்த வெட்டு விளிம்பு பெயின்றில் பட்டால் மணலே வேண்டாம்.

இரண்டாவது, நனைத்துப் பாருங்கள். நைலோன் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகும். பொலிபுரொப்பிலீன் உறிஞ்சாது. கடையில் எப்படி விறைப்பாக இருந்ததோ கொட்டிலிலும் அப்படியே இருக்கும். காய்ந்த நிலையில் கடையில் தடவிப் பார்த்து முடிவு எடுத்தால் பிழையாகிவிடும். ஒரு வாளி தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டில் பழைய சீடி கிடக்கும்தானே. அதன் மினுக்கப் பக்கத்தைக் கழுவி, ஷாம்பூத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷை உங்கள் வாடிக்கையாளர் அழுத்துகிற அளவுக்கு அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு கழுவி வெயிலில் சரித்துப் பாருங்கள். சீடியின் பிளாஸ்ரிக் கிளியர் கோட்டைவிடச் சுகமாகக் கீறுப்படும். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் துணிந்து வாங்கலாம். சாமான்காரர் மாதிரி தரமாட்டேன் என்றால் அவரிடம் வாங்கவே வேண்டாம்.

வடமராட்சி சேர்விஸ்:
அண்ணையின் சீடிச் சோதனை நல்லது, நானும் செய்து பார்க்கப்போகிறேன்.

இன்னும் ஒரு வகை நார் வரும், பொலிஸ்ரைரீன். சுருள் சுருளாக இருக்கும், மலிவு, நுரையையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தின்னர், பெற்றோல் பட்டால் பிசினாகிவிடும். எங்கள் ஊரில் தார் ஒட்டினால் முதலில் தேடுவது பெற்றோல் நனைத்த துணியைத்தான். பிறகு அதே இடத்தில் பிரஷ்ஷைப் போடுவார்கள். ஆளில்லாத கொட்டிலில் அதை வைக்க வேண்டாம். நைலோனுக்கும் ஒரு பலவீனம் உண்டு, கடும் அமிலம். அலோய் ரிம் மினுக்குகிற சில திரவங்களில் அமிலம் இருக்கிறது. அதை நீங்கள் கொட்டிலில் விற்காமல் விட்டாலே போதும்.

பொலிபுரொப்பிலீன் காரத்தையும் அமிலத்தையும் தாங்கும். வெயிலைத் தாங்காது. மேற்கு வெயில் விழுகிற சுவரில் தொங்கவிட்டால் கொஞ்சக் காலத்தில் முறிந்து கொட்டும். எந்த நார் எடுத்தாலும் நிழலில் தொங்கவிடுங்கள்.

ஸ்காபரோ குமாரன்:
அண்ணை, நான் கனடாவில் இருந்து. இங்கே இப்படியான இடங்கள் சாதாரணம், ஆனால் காருக்கு ஆசைப்பட்ட ஆள் அந்தப் பிரஷ்ஷைத் தொடமாட்டார். முன்னுக்கு யார் எதைத் தேய்த்தார் என்று தெரியாதே. நானும் கன் மட்டும்தான் பாவிப்பேன். நீங்கள் பிரஷ்ஷே வைக்காமல் நுரை அடிக்கிற கன், பிறகு கழுவுகிற கன் என்று மட்டும் வைத்தால் என்ன? கீறல் என்ற பேச்சே வராது. ஆசைப்பட்டவர் தன் மைக்ரோஃபைபர் கையுறையைக் கொண்டு வரட்டும்.

மானிப்பாய் பெயின்ற் பட்டறை:
குமாரன், உங்கள் ஊரில் பனியும் உப்பும். அது பிரஷரில் போகும். இங்கே செம்மண். ஒரு வெள்ளை வானை 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்துக் காயவிட்டு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், விரல் சிவக்கும். கட்டி மண் எல்லாம் போயிருக்கும், மாவு மாதிரியான மண் மட்டும் ஒரு படையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்க ஏதோ ஒன்று தொட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். நீங்கள் பிரஷ் வைக்காவிட்டால் ஆட்கள் வீட்டுப் பஞ்சைக் கொண்டு வருவார்கள். பஞ்சின் ஓட்டைக்குள் மணல் போனால் வெளியே வராது. அதற்கு நுரை ஓடுகிற பிரஷ் எவ்வளவோ மேல்.

நுரைப் பிரஷ்ஷின் முழு நன்மையும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. நுரை தலைக்குள்ளே இருந்து நாருக்கு நடுவால் வெளியே வருகிறது. அதனால் சிக்கிய மண்ணை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நுரை நின்ற அடுத்த நிமிடம் அது வெறும் பிரஷ். கோண்டாவில்காரன், நேரம் முடிந்து நுரை நின்ற பிறகும் தேய்க்கிறவர்கள் இருப்பார்கள். மணிச் சத்தம் ஒன்று வையுங்கள், "நுரை நின்றால் தேய்க்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதோடு முதலில் கன்னால் மேலிருந்து கீழே அடித்த பிறகுதான் பிரஷ். மோட்டரின் தெரிவுகளையும் அந்த ஒழுங்கிலேயே அடுக்குங்கள்.

ஸ்காபரோ குமாரன்:
அந்தச் செம்மண் படை எனக்கு மறந்தே போச்சு. சரி, பிரஷ் வேண்டும்தான். இங்கே குளிர்காலத்தில் குழாய் உறையாமல் இருக்கப் பிரஷ்ஷுக்குள் எந்த நேரமும் கொஞ்சம் திரவம் ஓடவிடுவார்கள். அப்படி விட்டால் பிரஷ்ஷும் தானாகக் கழுவுப்பட்டபடி இருக்கும்.

நிலாவரைத் தண்ணீர்:
அந்த யோசனை மட்டும் இங்கே வேண்டாம். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை சேர்த்து வைத்த தண்ணீர். அது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கூட இறைத்தால் கீழே இருந்து உவர் ஏறும். ஒழுகவிடுகிற ஒவ்வொரு வாளியும் கணக்குத்தான். அதற்குப் பதிலாக, பிரஷ்ஷைத் தெரிவு செய்ததும் முதல் சில விநாடி அதன் தலையால் தண்ணீர் பாய்கிற மாதிரி நேரம் வைத்துவிட்டால் வேலை முடியும்.

எங்கள் தண்ணீர் வன்தண்ணீர் என்பதையும் மறக்க வேண்டாம். சாதாரண சவர்க்காரம் போட்டால் நுரைக்கு முன் வெள்ளைப் பீளைதான் வரும். கார் ஷாம்பூ என்று விற்கிற சோப் அல்லாத கழுவு திரவம்தான் வேண்டும், பிஎச் 7க்குக் கிட்ட. பிரஷ் தலையில் நுரை வருகிற ஓட்டைகளில் சுண்ணாம்பு படியும். ஒரு பக்கத்து ஓட்டை அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் நுரை வராது, மணல் அங்கேயே தங்கும். ஆகவே ஓட்டை பெரிதாக இருக்கிற தலை எடுங்கள், கழற்றிப் பூட்டக்கூடியதாகவும் பாருங்கள். கழற்றி வினாகிரியில் ஊறவைத்தால் சுண்ணாம்பு விடும். கடைசிக் கழுவலுக்காவது மென்நீராக்கி ஒன்று பூட்டினால் கறுப்புக் கார்களில் சுண்ணாம்புப் புள்ளி விழாது.

பிரஷ்ஷோடு சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். கழுவின தண்ணீர் எங்கே போகிறது? ஒரு குழி வெட்டி விட்டால் சுண்ணாம்புக் கல் வெடிப்பால் நேரே பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மண் படிகிற தொட்டி, எண்ணெய் பிரிக்கிற தொட்டி இரண்டையும் கட்டுங்கள். வாகனம் கழுவுகிற தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். கொட்டில் போட முன்னமே பிரதேச சபையில் விசாரியுங்கள்.

கோண்டாவில்காரன்:
தண்ணீர் ஐயா, தொட்டிகள் திட்டத்தில் இருக்கின்றன, மூன்று அறையாகக் கட்டுகிறோம். எங்கள் கிணறும் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது, விளையாட முடியாது. பத்திரத்துக்கும் விண்ணப்பிக்கப்போகிறோம்.

சாவகச்சேரி வான் அக்கா:
நான் வாடகைக்கு வான் விடுகிறேன். எல்லோரும் நாரைப் பற்றியே பேசுகிறீர்கள், பிடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டொல்பின் வானின் கூரை என்னைவிட உயரம். பிடி கட்டையாக இருந்தால் கூரை நடுவில் எட்டாது. நீளமாக இருந்தால் ஆல்டோக்காரர் அதை வைத்துக்கொண்டு பின்னுக்கு நிற்கிற சுவரில் இடிப்பார். அதோடு பிடிக்குள் நுரை நிறைந்தால் பாரம் கூடும். இரும்புப் பிடி என்றால் பெண்கள், வயது போனவர்கள் ஒரு பக்கம் தேய்த்து முடிக்கும் முன் கை சோர்ந்துவிடும். கை சோர்ந்தால் பிரஷ் தலை பக்கவாட்டில் சரிந்து, நார் இல்லாத விளிம்பு கதவில் இடிக்கும். எனது வானின் இடது கதவில் அப்படி ஒரு கீறல் இருக்கிறது. நாரால் வந்த கீறல் அல்ல, தலையின் அலுமினிய விளிம்பு பட்டது.

ஆகவே தலையைச் சுற்றி றப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பிரஷ்ஷை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வடமராட்சி சேர்விஸ்:
அக்கா சொன்னது பெரிய விசயம். றப்பர் வளையம் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. தலை பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், எங்கள் உப்புக் காற்றில் அலுமினியம் பூத்துப் போகும். பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கத்தால் வருகிற வாகனங்கள் உப்பையும் கொண்டுதான் வரும். பிடி ஃபைபர் கிளாஸ் என்றால் பாரமும் குறைவு, வெயிலில் சுடவும் சுடாது. குழாயைக் கூரையில் சுழல்கிற கையிலிருந்து தொங்கவிடுங்கள். நிலத்தில் இழுபடுகிற குழாய் மணலை அள்ளிக்கொண்டு வந்து கதவில் உரசும்.

இன்னொன்று, நுரைக் குழாயும் கன் குழாயும் தனித்தனி. பிரஷ்ஷுக்கு வருவது குறைந்த அழுத்தம். செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டையும் ஒரே பம்பில் இணைத்துத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த அழுத்தம் தலைக்குப் போனால் தலை வெடித்துக் கழன்று பறக்கும், ஆள் காயப்படும்.

அச்சுவேலி தோட்டக்காரன்:
லான்ட்மாஸ்டரும் வரும் என்று எழுதியிருந்தீர்கள். எங்களை விரட்ட வேண்டாம் அண்ணை, காசு தருகிற ஆட்கள்தானே. ஆனால் காருக்குள்ள பிரஷ்ஷை எங்களுக்குத் தரவும் வேண்டாம். வெங்காயத் தோட்டத்துச் சேறு காய்ந்தால் அந்த மெத்துப் பிரஷ்ஷுக்கு அசையாது. எங்களுக்குப் பனந்தும்புப் பிரஷ் போதும். பனை மட்டையின் அடியில் எடுக்கிற தும்பு விறைப்பானது, தண்ணீரில் கிடந்தாலும் இலேசில் உக்காது. ஒரு காலத்தில் பிரஷ் செய்வதற்கென்றே இங்கே இருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான சாமான் அது. ரயர், மட்கார்ட், கலப்பை எல்லாம் அதால் தேய்க்கலாம். கார்ப் பெயின்றில் மட்டும் படக்கூடாது.

மானிப்பாய் பெயின்ற் பட்டறை:
தோட்டக்காரர் சொன்ன மாதிரியே செய்யுங்கள். பனந்தும்புப் பிரஷ்ஷை வெளியே, கொட்டிலுக்குப் புறம்பாக, தண்ணீர்க் குழாயோடு வையுங்கள். பிடிக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து "ரயருக்கு மட்டும்" என்று எழுதுங்கள். கார்க்காரர்களும் தங்கள் ரயரை அதால் தேய்ப்பார்கள், உங்கள் நுரைப் பிரஷ் தப்பும். என்னைக் கேட்டால் நீங்கள் வாங்குகிற எல்லாச் சாமானிலும் மலிவானதும் அதுதான், கூடப் பலன் தரப்போவதும் அதுதான்.

கோண்டாவில்காரன்:
சரி, இப்படி எடுக்கிறேன். நுனி பிளந்த நைலோன், பிளாஸ்ரிக் தலை, சுற்றி றப்பர் வளையம், ஃபைபர் கிளாஸ் பிடி. இரண்டு கொட்டிலுக்கும் ஒவ்வொன்று, மாற்றுவதற்கு இன்னும் இரண்டு தலை. இரண்டு கடையில் இருந்து மாதிரி கேட்டிருக்கிறேன், வந்ததும் சீடியில் தேய்த்துவிட்டு எழுதுகிறேன். அக்கா, ஒரு கொட்டிலுக்கு நீளப் பிடி, மற்றதுக்குக் கட்டைப் பிடி என்று வைத்தால் வான்காரர்களுக்கும் சரி, சின்னக் கார்களுக்கும் சரிதானே?

மிச்சம் இரண்டு கேள்வி. தலையை எப்போது மாற்றுவது? சுவரில் எப்படித் தொங்கவிடுவது?

சாவகச்சேரி வான் அக்கா:
சரியாக வரும். நீளப் பிடி உள்ள கொட்டிலுக்கு வெளியே வான் படம் ஒன்று கீறிவிடுங்கள். எழுத்தை யார் வாசிக்கிறார்கள்.

வடமராட்சி சேர்விஸ்:
மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம், கண்ணால் பாருங்கள். புதுத் தலையில் நார் றப்பர் வளையத்தைவிட நன்றாக வெளியே நிற்கும். தேய்ந்து அந்த இடைவெளி பாதியானால் மாற்றுங்கள். நார் வளையத்துக்கு வெளியே படுத்துவிட்டாலும், நுனியின் பிளவு போய் மொட்டையாகிவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். தினமும் கடை பூட்டும்போது வெள்ளை வாளி ஒன்றில் தலையை அமுக்கி ஆட்டிப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் மறுபடி பாயவிட்டுக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அடுத்த நாளுக்கு விட வேண்டாம். கழற்றிய பழைய தலைகளை ரயர்ப் பிரஷ்ஷோடு போடலாம், வீணாகாது.

தொங்கவிடுவது நார் கீழ்ப்பக்கம் பார்க்க, எதிலும் முட்டாமல். நார் சுவரில் அழுந்தி நின்றால் ஒரு பக்கமாக வளைந்துவிடும். சில இடங்களில் ஒரு குழாய்த்துண்டை வெட்டிப் பூட்டி அதற்குள் தலையைச் செருகி வைக்கிறார்கள். அடியில் தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் அதற்குள் மண் சேரும், ஆகவே அடி திறந்ததாக வேண்டும். இடுப்பு உயரத்தில் பூட்டுங்கள். உயரமாகப் பூட்டினால் திருப்பித் தொங்கவிடப் பஞ்சிப்பட்டு நிலத்தில் போட்டுவிட்டுப் போவார்கள்.

மானிப்பாய் பெயின்ற் பட்டறை:
கொளுக்கியை வாகனம் வெளியே போகிற பக்கத்துத் தூணில் பூட்டுங்கள் தம்பி. உள்ளே சுவர்ப் பக்கம் பூட்டினால், கழுவி முடிந்த ஆள் காரைச் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போகமாட்டார். மாதிரிகள் வந்ததும் சீடியின் படத்தையும் இங்கே போடுங்கள், வெயிலில் சரித்து எடுத்த படம்.